கவிழ்த்துப் பார்த்து வாங்கு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு எழுந்து கை கழுவுவதற்குள் போன். பாளையங்கோட்டையிலிருந்து மச்சினன்.

“அத்தான், நாலு ஆன்டெனா வச்ச ரௌட்டர் ஒண்ணு ஆஃபர்ல கெடக்கு. கறுப்பா, சிலந்தி மாதிரி ஜம்முன்னு இருக்கு. போட்டுருவமா?”

“ஹார்டுவேர் வெர்ஷன் என்ன மாப்ள?”

“வெர்ஷனா? நான் ரௌட்டர்லா கேக்கேன்!”

இந்தப் பதிவு அந்த அழைப்பின் மிச்சம். அன்றைக்கு அவனுக்கு முக்கால் மணி நேரம் சொன்னதை, இனிமேல் கேட்கப்போகிற மற்ற சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து எழுதி வைத்துவிடுகிறேன். கம்பெனி தரும் மென்பொருளை எடுத்துவிட்டு ரௌட்டரில் நாமே ஏற்றிக்கொள்ளும் திறந்த மென்பொருள் ஓப்பன்-டபிள்யூஆர்டி. அதைப் போடுவதற்கென்றே ரௌட்டர் வாங்குகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளவே கூடாது என்பதுதான் விஷயம்.

எதற்கு இந்த வேலை?

மாமனார் வீட்டில் உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் இணைப்பு. இறக்கம் 60 எம்பிபிஎஸ், ஏற்றம் 10ஐத் தாண்டாது. ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். ஆனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மச்சினன் மீட்டிங்கில் பேச ஆரம்பிக்கும் நேரம் பார்த்து, மாமனாரின் போன் முந்தின நாள் கல்யாண வீடியோவை எல்லாம் பேக்கப் ஏற்றத் தொடங்கும். உடனே மச்சினனின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். புகார் சொன்னால் “பிளானை ஏத்திக்குங்க சார்” என்று பதில்.

பிளானில் கோளாறு இல்லை, வரிசையில்தான் கோளாறு. ரேஷன் கடையில் ஒருவர் இருபது அட்டையோடு வந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் அரை லிட்டர் எண்ணெய் மட்டும் வாங்க வந்தவர். வரிசை ஒன்றே ஒன்றுதான் என்றால் எண்ணெய்க்காரர் பாடு திண்டாட்டம். சாதாரண ரௌட்டர்கள் இப்படித்தான், வந்த பாக்கெட்டை எல்லாம் ஒரே நீள வரிசையில் அடுக்கிக்கொண்டே போகும். வீடியோ கோப்பு மலையாக முன்னால் நிற்க, குரல் பாக்கெட் பின்னால் காத்துக் கிடக்கும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். மச்சினன் வீட்டில் நான் பிங் அடித்து, ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12 மில்லி செகண்ட். பேக்கப் ஓடும்போது 400க்கு மேல்.

மருந்து இருக்கிறது. எஸ்க்யூஎம் என்று சொல்வார்கள். ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை போட்டு, முறை வைத்து ஆள் அனுப்புகிற ஏற்பாடு. அதில் இப்போது அதிகம் புழங்குவது ‘கேக்’ என்ற நிரல். 2018ல் வந்த லினக்ஸ் 4.19லேயே அது சேர்ந்துவிட்டது. மலிவு ரௌட்டரோடு வரும் மென்பொருளில் இது பெரும்பாலும் இருக்காது. ஓப்பன்-டபிள்யூஆர்டியில் ஒரு பொதியை நிறுவினால் போதும்.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் அம்பலமானது. 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரௌட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் அது குடியிருந்தது. வீட்டுக் கதவுக்குப் பூட்டு மாற்றுகிற நாம், இணையத்தின் வாசற்கதவான ரௌட்டருக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பார்ப்பதில்லை. வாங்கி இரண்டு மூன்று வருஷத்தில் கம்பெனி அந்த மாடலை மறந்துவிடும். பெட்டியோ பத்து வருஷம் ஓடும்.

ஒரு நீலப் பெட்டியின் கதை

இந்தக் கூத்து எல்லாவற்றுக்கும் தொடக்கம் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. 2002 டிசம்பரில் வந்தது, நீலமும் கறுப்பும் கலந்த உடம்பு, பின்னால் இரண்டு கொம்பு. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று 2003ல் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸைப் பயன்படுத்திப் பொருள் விற்றால் அந்த மூலநிரலையும் தர வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. லிங்க்சிஸ் தந்திருக்கவில்லை. கேள்வி கிளம்பியது, அதே வருஷம் மூலநிரல் வெளியே வந்தது. 2004 ஜனவரியில் ஓப்பன்-டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. பெயரில் இருக்கும் அந்த ‘டபிள்யூஆர்டி’ இந்த ரௌட்டரின் பெயர்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். 2005ல் அதே பெயர், அதே நீல உடம்போடு ஐந்தாம் பதிப்பு வந்தது. உள்ளே லினக்ஸ் இல்லை, விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளம். ஃப்ளாஷ் 4 எம்பியிலிருந்து 2 எம்பிக்கு இறங்கியது, ராம் 16லிருந்து 8க்கு. பெட்டியைப் பார்த்து வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்த் தலையில் கை வைத்தார்கள். பிறகு, லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று பழைய உள்ளடக்கத்தையே இன்னொரு பெயரில் விற்றார்கள்.

ரௌட்டர் வாங்குவதன் அரிச்சுவடி இந்த ஒரு கதையிலேயே அடங்கிவிடுகிறது. மாடல் பெயர் ஒரு சட்டை. அதற்குள் இருக்கும் ஆள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

அடியில் ஒட்டியிருக்கும் சீட்டு

நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிற ரௌட்டரையே எடுத்துக்கொள்வோம். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என். வெள்ளை உடம்பு, மருத்துவர் கிளினிக்கிலும் ஜெராக்ஸ் கடையிலும் பார்த்திருப்பீர்கள். இதில் 8 முதல் 12 வரையான பதிப்புகளில் ஃப்ளாஷ் 4 எம்பி, ராம் 32 எம்பி. 13ஆம் பதிப்பில் சிப்பு மாறியது, நினைவகமும் இரட்டிப்பானது: 8க்கு 64. சரி, முன்னேற்றம்தானே என்று நினைத்தால், 14ஆம் பதிப்பில் மறுபடி 4க்கு 32 என்று இறங்கிவிட்டது. புதிய பதிப்பு என்றால் மேலானது என்ற நம்பிக்கையை இந்த ஒரு மாடலே உடைத்துவிடும்.

ஆர்ச்சர் சி7 என்று இன்னொன்று. ஓப்பன்-டபிள்யூஆர்டி ஆட்கள் வருஷக்கணக்கில் கொண்டாடிய மாடல். ஆனால் அதன் முதல் பதிப்பில் இருந்த 5 கிகாஹெர்ட்ஸ் சிப்பு ஆரம்பகாலத் தயாரிப்பு. அதை லினக்ஸின் ஏடிஎச்10கே டிரைவர் ஏற்காது. பாதி வைஃபை இல்லாத ரௌட்டர் அது. இரண்டாம் பதிப்பில் அந்தக் குறை தீர்ந்தது. இரண்டையும் அட்டைப்பெட்டியின் முகப்பில் பார்த்தால் ஒரே பெயர்தான் இருக்கும்.

ஆகவே முதல் விதி: ரௌட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மாடல் பெயருக்குப் பக்கத்தில் ‘வெர்: 5.0’ என்பது போல் சின்னதாக ஓர் எண் இருக்கும். அதைத்தான் ஓப்பன்-டபிள்யூஆர்டி இணையதளத்தின் வன்பொருள் அட்டவணையில் தேட வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் இந்தச் சீட்டைப் பார்க்க முடியாது. விற்பவரிடம் கேட்டால் “ஒரிஜினல் பிராடக்ட் சார்” என்று பதில் வரும். அதனால் ஆன்லைன் என்றால் திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள். வந்ததும் சீலைக் கிழிக்காமல் பெட்டியின் பக்கவாட்டுச் சீட்டைப் பாருங்கள். பல கம்பெனிகள் அங்கேயும் வெர்ஷன் எண்ணைப் போடுகிறார்கள்.

சிப்பு யாருடையது?

வெர்ஷன் தெரிந்தால் அடுத்தது சிப்பு. ரௌட்டர் கம்பெனி என்று நாம் நினைப்பவை எல்லாம் பெரும்பாலும் உடம்பு தைக்கிறவர்கள். உள்ளே இருக்கும் உயிர் மீடியாடெக், குவால்காம், பிராட்காம், ரியல்டெக் என்று நாலைந்து பேரிடமிருந்து வருகிறது. ஓப்பன்-டபிள்யூஆர்டி ஓடுமா ஓடாதா என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

மீடியாடெக் என்றால் இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாதி தூரம் போகலாம். எம்டி76 என்ற திறந்த டிரைவர் லினக்ஸிலேயே இருக்கிறது. அதை எழுதிப் பராமரிப்பவர்களில் முக்கியமானவர் ஃபெலிக்ஸ் ஃபீட்காவ், ஓப்பன்-டபிள்யூஆர்டியின் பழைய கை. எம்டி7621 சிப்பு உள்ள ரௌட்டர்கள் ஒரு காலத்தின் அம்பாசடர் கார்: எங்கும் கிடைக்கும், எவரும் ரிப்பேர் பார்ப்பார். வைஃபை 6 வேண்டும் என்றால் எம்டி7981, எம்டி7986 என்ற ஃபிலாஜிக் வரிசையைத் தேடுங்கள்.

குவால்காம், அதற்கு முன் ஏதெரோஸ். 2008ல் வந்த ஏடிஎச்9கே டிரைவர் இந்த உலகத்தின் பொற்காலம், மூடிய துண்டு ஒன்றுகூட இல்லாமல் முழுக்கத் திறந்தது. பின்னால் வந்த சிப்புகளுக்கு மூடிய ஃபர்ம்வேர் துண்டு ஒன்று தேவைப்படுகிறது, இருந்தாலும் வேலை நன்றாகவே நடக்கிறது. மாடல் பார்த்து வாங்கலாம்.

பிராட்காம் என்றால் ஓப்பன்-டபிள்யூஆர்டிக்காக வாங்காதீர்கள். சிப்பு மட்டம் என்று சொல்லவில்லை, நல்ல சிப்புதான். வைஃபை டிரைவரை அவர்கள் திறக்கவில்லை. ஓப்பன்-டபிள்யூஆர்டியை ஏற்றினாலும் வைஃபை முடமாகத்தான் நடக்கும். கையில் ஏற்கெனவே பிராட்காம் ரௌட்டர் இருந்தால் விட்டெறிய வேண்டாம். ஃப்ரெஷ்டொமாட்டோ இருக்கிறது. ஆசுஸ் என்றால் ஆசுஸ்டபிள்யூஆர்டி-மெர்லின் இருக்கிறது. அவை கம்பெனியின் மூடிய டிரைவரை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைச் சீர் செய்பவை. முழு விடுதலை இல்லை, பரோல்.

ரியல்டெக் சிப்பு வைத்த மலிவு வைஃபை ரௌட்டர்கள் பலவற்றுக்கு ஆதரவே கிடையாது. கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பவற்றில் இவை ஏராளம்.

16, 128

நினைவகத்தில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஃப்ளாஷ் என்பது அலமாரி, மின்சாரம் போனாலும் பொருள் இருக்கும். ராம் என்பது சமையல் மேடை, வேலை நடக்கிற இடம். அட்டவணையில் 8/64, 16/128 என்று எழுதியிருப்பது இந்த இரண்டையும்தான், எம்பி கணக்கில்.

லினக்ஸ் கர்னல் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே வருகிறது. 4/32 ரௌட்டர்களுக்கு 19.07தான் கடைசி அதிகாரப்பூர்வ வெளியீட்டு வரிசை. அதன் பராமரிப்பும் 2022ல் முடிந்தது. அதனால் நண்பர் யாராவது பழைய வெள்ளை ரௌட்டரை இலவசமாகத் தந்தாலும் வாசற்கதவாக வைக்காதீர்கள். 8/64 ஏற்கெனவே கையில் இருந்தால் ஓட்டலாம், ஆனால் இரண்டு பொதி நிறுவினால் அலமாரி நிறைந்துவிடும். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் 16/128க்குக் கீழே போகாதீர்கள். விளம்பரத் தடுப்பு, விபிஎன் எல்லாம் வேண்டுமென்றால் ராம் 256 இருந்தால் நிம்மதி.

அட்டைப்பெட்டியில் இந்த இரண்டு எண்களும் இருக்கவே இருக்காது. அதற்குப் பதில் ‘ஏசி1200’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். 2.4ல் 300, 5ல் 867, இரண்டையும் கூட்டி ஒரு முழு எண்ணாக்கிய கணக்கு அது. எந்த ஒரு போனுக்கும் அந்த வேகம் கிடைக்கப் போவதில்லை. அதைவிட வேடிக்கை, 1200 என்று எழுதிய பல பெட்டிகளில் பின்னால் இருக்கும் கேபிள் துளைகள் 100 எம்பிபிஎஸ் ரகம். உங்கள் பிளான் 200ஆக இருந்தாலும் அந்த வாசல் வழியாக 95ஐத் தாண்டாது. ஆகவே ‘கிகாபிட் போர்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள், ஆன்டெனாவை எண்ணாதீர்கள்.

செங்கல் ஆன கதை

இதெல்லாம் எனக்கு ஞானோதயத்தில் கிடைத்தது இல்லை. சில வருஷம் முன்னால் பேர் போன கம்பெனி ஒன்றின் ரௌட்டரை ஆன்லைனில் வாங்கினேன். அட்டவணையில் அந்த மாடல் இருந்தது. வெர்ஷன் எண்ணைப் பார்த்தேன், என்னுடையது அதைவிட ஒன்று கூட. ‘ஒண்ணுதானே, பெரிசா என்ன மாறியிருக்கும்’ என்று முந்தின பதிப்பின் கோப்பை ஏற்றினேன். ஒரு நிமிஷம் எல்லா விளக்கும் எரிந்தது. அப்புறம் ஒரே ஒரு விளக்கு மட்டும், மூச்சு விடுவது போல அணைந்து அணைந்து எரிந்தது. ராத்திரி பதினொன்றரை. வீட்டில் இன்டர்நெட் இல்லை, எப்படிச் சரி செய்வது என்று தேடுவதற்கும் இன்டர்நெட்தான் வேண்டும்.

இந்த நிலைமைக்குப் பெயர் ‘பிரிக்’. செங்கல். பொருத்தமான பெயர், காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்கலாம்.

மறுநாள் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ரௌட்டரின் பலகையோடு கணினியை நேராகப் பேசவைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் என்று ஒரு கட்டைவிரல் அளவு சமாசாரம் வாங்கி வந்தேன். ரௌட்டரின் ரப்பர் காலுக்கு அடியில் இரண்டு திருகு, ஓரத்தில் பிளாஸ்டிக் கொக்கிகள். பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து நெம்பினால் ஒவ்வொன்றாக ‘டக்’ என்று விடும். பலகையில் நாலு சின்னப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. மின்சாரம், தரை, அனுப்பும் டிஎக்ஸ், வாங்கும் ஆர்எக்ஸ். இதில் மின்சாரப் புள்ளியைத் தொடவே கூடாது. தரைக்குத் தரை. ரௌட்டரின் டிஎக்ஸ் கருவியின் ஆர்எக்ஸுக்கு, கருவியின் டிஎக்ஸ் ரௌட்டரின் ஆர்எக்ஸுக்கு: ஒருவர் பேசினால் அடுத்தவர் காதில்தானே விழ வேண்டும். டிடிஎல் கருவி 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும், 5ல் வைத்தால் செங்கல் நிரந்தரம். கணினியில் வேகம் 115200 என்று வைத்து ரௌட்டரை ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் விறுவிறுவென்று ஓடின. செத்ததாக நினைத்த ஆள் படுத்துக்கொண்டே பேசுகிறது. அந்தச் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

அன்றைக்குப் படித்த பாடம்: போகும் வழியைப் பார்ப்பதற்கு முன் திரும்பி வரும் வழியைப் பார். வாங்கப் போகும் மாடலுக்கான பக்கத்தில் மூன்று விஷயம் படியுங்கள்.

ஒன்று, எப்படி ஏற்றுவது. கம்பெனியின் சொந்தப் பக்கத்திலேயே அப்டேட் பொத்தான் வழியாக ‘ஃபேக்டரி’ கோப்பை ஏற்ற முடிந்தால் உத்தமம். சில ஷாவ்மி ரௌட்டர்களில் அதன் பாதுகாப்பு ஓட்டை ஒன்றில் புகுந்துதான் உள்ளே போக வேண்டும். பழகியவர்களுக்குச் சரி, முதல் முறை செய்பவருக்கு வேண்டாம். ‘கூடி’ கம்பெனி மாதிரி சிலர், கையெழுத்திட்ட இடைநிலைக் கோப்பு ஒன்றைத் தாங்களே தருகிறார்கள். அதை முதலில் ஏற்றி, பிறகு அசல் கோப்புக்குப் போக வேண்டும்.

இரண்டு, கெட்டுப்போனால் எப்படி மீள்வது. ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே ஆன் செய்தால், பல டிபி-லிங்க் மாடல்கள் 192.168.0.66 என்ற முகவரியில் ஒரு கணினி இருக்கிறதா என்று தேடி, அங்கிருந்து மீட்புக் கோப்பை டிஎஃப்டிபி வழியாக இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறக்கவே வேண்டாம். இந்த வசதி இருந்தால் பாதி பயம் போச்சு.

மூன்று, கம்பெனியின் பழைய மென்பொருளுக்கே திரும்ப முடியுமா. வாரன்டி கேட்கப் போகும் நாளில் இது உதவும்.

இந்தப் பயமே வேண்டாம் என்பவர்களுக்காகத்தான் 2024 நவம்பரில் ஓப்பன்-டபிள்யூஆர்டி திட்டமே தனக்கென்று ஒரு ரௌட்டரை வெளியிட்டது. பெயர் ஓப்பன்-டபிள்யூஆர்டி ஒன். எம்டி7981 சிப்பு, 1 ஜிபி ராம், 256 எம்பி ஃப்ளாஷ். தயாரித்தது பனானா பை, வெளியானபோது விலை 89 டாலர், அதில் 10 டாலர் திட்டத்தின் நிதிக்குப் போனது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன சுவிட்ச். இரண்டு தனித்தனி ஃப்ளாஷ்கள் உள்ளே இருக்கின்றன. ஒன்றைக் கெடுத்துவிட்டால் சுவிட்சைத் தள்ளி மற்றதிலிருந்து எழுப்பி மீட்கலாம். ஆனால் லேன் துளை ஒன்றே ஒன்றுதான். வீட்டில் நாலு கேபிள் சொருகுகிறவர்கள் தனியாக ஒரு சுவிட்ச் பெட்டி வாங்க வேண்டும்.

நடுவில் நிற்கும் ஃபைபர் பெட்டி

நம் ஊரில் இன்னொரு சிக்கல். ஃபைபர் கம்பி வந்து சேரும் ஓஎன்டி பெட்டியை நாம் ‘மோடம்’ என்கிறோம். அதற்குள்ளேயே ரௌட்டரும் வைஃபையும் இருக்கும். அதில் ஓப்பன்-டபிள்யூஆர்டி போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். தொடாதீர்கள். அது இணைப்புக்காரருடைய சொத்து, அவருடைய பதிவோடு கட்டப்பட்டது. உங்கள் ரௌட்டர் அதற்குப் பின்னால் வரவேண்டும்.

நல்ல வழி, ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்வது. அப்போது அது வெறும் குழாய். இணைப்புக்காரர் தரும் பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் ரௌட்டரில் போடுவீர்கள். விஎல்ஏஎன் எண் ஏதாவது உண்டா என்றும் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் தரமாட்டேன் என்றால், ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிட்டு அதன் லேன் துளையிலிருந்து உங்கள் ரௌட்டரின் வேன் துளைக்குக் கேபிள் போடுங்கள். அதுவும் ஓடும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஓப்பன்-டபிள்யூஆர்டியின் பிறவி முகவரி 192.168.1.1. நிறைய ஓஎன்டிகளின் முகவரியும் அதே. ஒரே தெருவில் ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? உங்கள் ரௌட்டரை 192.168.10.1 என்று மாற்றிவிட்டுப் பிறகு கேபிளைச் சொருகுங்கள். பல பேர் ‘ஓப்பன்-டபிள்யூஆர்டி போட்டேன், நெட்டே வரல’ என்று பழைய மென்பொருளுக்கு ஓடுவது இந்த ஒரு காரணத்தால்.

ரிச்சி தெருவில் ஒரு டார்ச்

மச்சினனுக்குத் தேவை என்ன என்று கூட்டிக் கழித்தேன். 60 எம்பிபிஎஸ், எஸ்க்யூஎம், ஒரு மாடி வீடு. எஸ்க்யூஎம் முழுக்க ரௌட்டரின் சிபியு தலையில் விழும் வேலை. 500 எம்பிபிஎஸ் இணைப்பாக இருந்தால் ஃபிலாஜிக் மாதிரி வலுவான சிப்பு இல்லாமல் முடியாது. 60க்குப் பழைய ஆர்ச்சர் சி7 போதும். இரண்டாம் கையில் தேடலாம் என்று கிளம்பினேன்.

சந்துக்குள் சந்தாகப் போய் ஒரு கடை. மூட்டையாகப் பழைய ரௌட்டர்கள், அடாப்டர்கள் ஒரு கூடையில் நூடுல்ஸ் மாதிரி. சி7 மூன்று இருந்தது. ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, போன் டார்ச்சை அடித்துச் சீட்டைப் படித்தேன். கடைக்காரருக்கு வேடிக்கை.

“என்ன சார், வைரத்துக்குக் கேரட் பாக்குற மாதிரி பாக்குறீங்க?”

“வெர்ஷன் பாக்குறேண்ணே.”

“எந்த வெர்ஷனா இருந்தா என்ன சார், எல்லாத்துலயும் வைஃபை வரும்.”

ஒன்று முதல் பதிப்பு. இன்னொன்றில் சீட்டையே சுரண்டியிருந்தார்கள். மூன்றாவது வெர் 5.0. 16/128, கிகாபிட் துளைகள், எந்தச் சுற்றுவழியும் இல்லாமல் கம்பெனியின் பக்கத்திலிருந்தே ஏற்றலாம். போதுமான ஆம்பியர் உள்ள 12 வோல்ட் அடாப்டர் ஒன்றைக் கூடையிலிருந்து பொறுக்கினேன். கடையிலேயே ஆன் செய்து, என் போனில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் காசை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, இன்வெர்ட்டர் இருக்கும் அறையில் உட்கார்ந்து ஏற்றினேன். ஏற்றும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வைஃபையில் ஏற்றக் கூடாது, கேபிள் சொருகித்தான். கோப்பின் பெயர் நீளமாக இருந்தால் சில மாடல்கள் முகம் சுளிக்கும், சின்னதாக மாற்றிக்கொண்டேன். மூன்று நிமிஷம். விளக்கு நிலையாக எரிந்தது.

முதல் முறை செய்பவர்கள் பதறும் இடம் அடுத்தது: வைஃபை இருக்காது. ஓப்பன்-டபிள்யூஆர்டி புதிதாக ஏறும்போது வைஃபையை அணைத்தே வைத்திருக்கும், கடவுச்சொல்லும் இருக்காது. கேபிள் வழியாக உள்ளே போய், முதலில் கடவுச்சொல் போட்டு, நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்து, அப்புறம் வைஃபையைத் திறக்க வேண்டும். நான் எஸ்க்யூஎம்மில் இறக்கம் 54, ஏற்றம் 9 என்று வைத்தேன். உண்மையான வேகத்தில் ஒரு பத்து சதவீதம் குறைத்து வைத்தால்தான் வரிசை நம் ரௌட்டரில் உருவாகும், நாம் ஒழுங்குபடுத்த முடியும். பிறகு பழைய துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, பாளையங்கோட்டைக்குக் கூரியர்.

இரண்டு நாள் கழித்து மச்சினன் கூப்பிட்டான். மாமனாரின் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிங் அடிக்கச் சொன்னேன். 19, 22, 20, 24 என்று வாசித்தான்.

“அத்தான், இதுக்கு மூணு ஆன்டெனாதான் இருக்கு. அந்த நாலு ஆன்டெனா இதைவிட வேகமாத்தானே இருந்திருக்கும்?”

நான் பதில் சொல்லவில்லை. பின்னால் மாமனார் யாரிடமோ கல்யாண வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, மச்சினன் குரலும் தெளிவாகக் கேட்டது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: புதிதாக வாங்கினால் மீடியாடெக் ஃபிலாஜிக், இரண்டாம் கை என்றால் எம்டி7621 அல்லது நல்ல பதிப்பு ஆர்ச்சர் சி7. 16/128க்குக் கீழே வேண்டாம். கிகாபிட் துளை இருக்கட்டும். மீளும் வழியை வாங்கும் முன்னே படியுங்கள். மாடல் புத்தம் புதிதாக வந்திருந்தால் ஆறு மாதம் பொறுங்கள், வேறு யாராவது செங்கல் ஆக்கிப் பார்த்து எழுதட்டும்.

என்னிடம் சந்தேகம் கேட்கிறவர்கள் ரௌட்டரின் பெயரை எழுதி அனுப்பாதீர்கள். கவிழ்த்துப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மறக்காமல் அந்தச் சீட்டில் இருக்கும் வைஃபை கடவுச்சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு.